அளவக்கா சொல்லும் எண்

எச்சில் தட்டுகளைக் கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள் அளவக்கா. பிள்ளைகள் வரிசையாக வந்து தட்டை வழித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் யாரையும் அதட்டுவதில்லை. அவள் கண் முகங்களில் இல்லை, தட்டுகளில் இருக்கிறது. காரட்டை மட்டும் பொறுக்கி ஓரத்தில் அடுக்கிய தட்டு. சோற்றின் நடுவில் கிணறு வெட்டியதுபோலத் தோண்டித் தின்றுவிட்டு, சுற்றுச்சுவரை அப்படியே விட்டுவைத்த தட்டு. யாரோ ஒரு பெண்பிள்ளை, பாதி முட்டையைக் கைதுடைக்கும் காகிதத்துக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருகிறாள்.

"ஏன் தங்கம், முட்டையப் போர்த்திக் கூட்டிட்டு வர்ற? குளிருதா அதுக்கு?"

பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் நெளிகிறாள். "மஞ்சக்கரு தொண்டையில ஒட்டுதுக்கா."

"அத வாயத் தொறந்து சொன்னா என்ன? போ, போய்த் தண்ணி குடி."

அத்தோடு விசாரணை முடிந்தது. அடுத்த முறை முட்டை போடும் நாளில் அடுப்பைச் சற்று முன்னதாகவே அணைத்திருப்பார்கள். தான் சொன்னதால்தான் அது நடந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மதியம் சாப்பிடும் பள்ளி. சமைப்பதற்கு ஆள் உண்டு, பரிமாறுவதற்கு ஆள் உண்டு. இன்றைக்கு எவ்வளவு சமைப்பது என்று சொல்வதற்கு இருப்பவள் இவள். காலையில் அரிசி களையும் முன் சமையற்கட்டுக்கு ஒரு எண் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் சம்பளம். வேலைக்கு நீளமான ஒரு பெயர் அலுவலகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாயில்காவலருக்குக்கூட யாரென்று புரியாது. "அளவக்காவா? நேராப் போய் இடது பக்கம்" என்பார், கையில் இருக்கும் தேநீரைக் கீழே வைக்காமல்.

வேலை கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் பதிவில் உள்ள பிள்ளைகள் வேறு, பள்ளிக்கு வந்த பிள்ளைகள் வேறு, வந்தவர்களில் பசியோடு இருக்கும் பிள்ளைகள் வேறு. அவள் எண்ண வேண்டியது மூன்றாவது கூட்டத்தை. பசியிடம் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று பதில் வராது. அதனால் அவள் வேறு வழிகளில் விசாரிப்பாள். தேர்வு நாளில் பெரிய வகுப்புகள் பாதிதான் உண்ணும். தேர்வு முடிந்த மறுநாள் அதே வகுப்புகள் சட்டியைச் சுரண்டும். மதியத்துக்கு முந்தைய பாடவேளை மைதானம் என்றால் சோற்றைக் கூட்ட வேண்டும், காயைக் குறைக்க வேண்டும். ஒரு வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்த வகுப்பையே கணக்கிலிருந்து முக்கால்வாசி கழித்துவிடலாம். மிட்டாய் தின்ற வாய்க்குப் பருப்பு இறங்காது. கணக்கு ஆசிரியர் எந்த வகுப்பில் கோபமாக இருந்தார் என்பதையும் விசாரித்துக்கொள்வாள். திட்டு வாங்கிய வகுப்பு கூடுதலாகத் தின்னும் என்பது அவள் கட்சி. திட்டு வாங்கிய பிள்ளைக்குத் தொண்டை அடைக்கும், தின்னாது என்பது கணக்கு ஆசிரியரின் கட்சி. இருவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்தப் பழக்கம் பள்ளி வாசலோடு நிற்பதில்லை. பேருந்தில் ஏறினால் யார் காலையில் சாப்பிட்டு வந்தவர், யார் வெறும் வயிற்றில் வந்தவர் என்று பார்த்துக்கொண்டே வருவாள். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனால், "பொண்ணு மாப்பிள்ளையப் பாத்து ஆசீர்வாதம் பண்ணும்மா, அடுப்படியப் போய் எட்டிப் பாக்காதே" என்று அவள் கணவர் முழங்கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கும். ஆனால் வீட்டில் அவள் சமைப்பது ஒருநாளும் சரியாக அமைந்ததில்லை. ஒன்று, இரவு மிச்சம் மறுநாள் மாலைவரை வரும்; இல்லை, கடைசியாக உட்காருகிறவருக்கு ரொட்டி வாங்கிவர வேண்டும். "அறுநூறு பேருக்கு அளக்கத் தெரிஞ்ச கைக்கு மூணு பேருக்கு அளக்கத் தெரியலையே" என்பார் கணவர். "மூணு பேரு என்னிக்குமே மூணு பேரா இருக்கறதில்லீங்க. அறுநூறுல நாலு பேர் கோவிச்சுக்கிட்டா தெரியாது. இங்க நீங்க ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா மூணுல ஒரு பங்கு போச்சு" என்பாள் இவள். பதில் சரியானதுதான். அதனால் சோறு கூடிவிடவில்லை.

அவள் சொன்ன எண் தவறியதே இல்லை என்று பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை அல்ல என்பதை அவளே சொல்வாள். சொல்லும்போது கண் சமையற்கட்டின் பரிமாறும் சாளரத்தின் பக்கம் போகும். அந்தச் சாளரத்துக்கு உள்ளே, போன கோடை விடுமுறை வரையில் சமையல் மாஸ்டர் நின்றிருந்தார்.

மாஸ்டர் இவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "வயசுல தங்கச்சிதான். அதட்டுறதுல அக்கா" என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார். உயரம் குறைவு, உள்ளங்கை அகலம். மூக்குக்கண்ணாடியைச் சமையற்கட்டில் எங்காவது கழற்றி வைத்துவிட்டு, "எவன்டா எடுத்தான்" என்று அடுக்கு அடுக்காகத் தேடுவார். பெரும்பாலும் உப்பு டப்பாவின் மேல் கிடைக்கும். காலையில் இவள் சாளரத்துக்கு வெளியே வந்து நிற்பாள். அவர் உள்ளே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

"நாப்பது கிலோ, மாஸ்டர்."

"நாப்பதா? என்னக்கா, பள்ளிக்கூடத்துல பாதிப் பேரு ஊருக்குப் போயிட்டானா?"

"நாப்பது போதும். நேத்து தொட்டி நெறஞ்சு கெடந்தத நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

"தொட்டியப் பாத்து சமைக்கறது நீங்க. வயித்தப் பாத்து சமைக்கறது நான்."

"சரி, வயித்தப் பாத்தே நாப்பது போடுங்க."

அவர் போடமாட்டார். அரிசி டின்னால் அளப்பது அவர் வழக்கம். அவள் சொன்ன அளவைப் போட்டபின், கொஞ்சம் தள்ளி நின்று பாத்திரத்தைப் பார்ப்பார். பிறகு இன்னொரு டின் விழும். சில நாள் இரண்டு. இது ரகசியமில்லை. அந்தச் சத்தம் அவள் அறைவரைக்கும் கேட்கும். முதலில் சில காலம் ஓடிவந்து சண்டை போட்டாள். பிறகு வேறு வழி கண்டுபிடித்தாள். நாற்பத்தைந்து வேண்டுமென்றால் நாற்பது என்று சொல்லிவிடுவது. அவர் கூட்டுவார், சரியாகிவிடும். சில நாளில் அவருக்கும் இது பிடிபட்டது. அக்கா குறைத்துச் சொல்கிறாள் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் கூட்டினார். இவள் இன்னும் கொஞ்சம் குறைத்தாள். இரண்டு பக்கமும் இழுக்கப்பட்ட கயிற்றின் நடு முடிச்சைப்போல, சோறு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கடைசிப் பிள்ளைக்கும் கிடைத்தது, சட்டியும் காலியாயிற்று. பார்த்தவர்கள் கணக்கு துல்லியம் என்றார்கள்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற அன்று சாப்பாட்டுக்கூடத்திலேயே ஒரு சிறு கூட்டம் நடந்தது. நிர்வாகி பேசினார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சோறு குறைந்ததில்லை, வீணானதும் இல்லை என்று சொல்லி, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்தார். மாஸ்டர் அதை இடுப்பில் குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

"அக்கா சொன்ன அளவுக்கே நான் சமைச்சிருந்தா, இந்நேரம் பாதிப் பிள்ளைங்க எலும்பும் தோலுமாத்தான் நிக்கும்!"

கூடம் அதிரச் சிரிப்பு. பின்வரிசையிலிருந்து அளவக்கா எழுந்தாள். "நீங்க கூட்டுவீங்கன்னு தெரிஞ்சுதானே கொறச்சு சொன்னேன்! இல்லேன்னா இந்நேரம் பிள்ளைங்கள உருட்டித்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கணும்!"

இன்னும் பெரிய சிரிப்பு. இருவரும் சொன்னது அப்பட்டமான உண்மை. நகைச்சுவையாகச் சொன்னதால் யாரும் அதை நம்பவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது சாளரத்துக்கு உள்ளே புதியவள் நின்றாள். முப்பது வயதைத் தாண்டியவள், தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் வலைத்தொப்பி போட்டவள். இதற்கு முன் மருத்துவமனைச் சமையலில் இருந்திருக்கிறாள். அங்கே ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் யாராவது காரணம் கேட்பார்கள். வந்த வாரமே ஓர் எண்தராசு கேட்டு வாங்கினாள். பச்சை எழுத்தில் எண் ஒளிரும் தராசு. பழைய அரிசி டின்னை நன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

முதல் நாள் அளவக்கா வந்து நின்றாள். வாய்க்குப் பழக்கமானதை வாய் சொல்லிவிட்டது. "நாப்பதும்மா."

"சரிக்கா."

நாற்பது போட்டாள். தராசில் நாற்பது என்று வந்தது. பாத்திரத்தில் நாற்பது விழுந்தது. அறைக்குத் திரும்பிய அளவக்கா, தன்னை அறியாமல் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சத்தமும் வரவில்லை.

அன்று கடைசியாகச் சாப்பிட வந்த வகுப்புக்குச் சோறு இல்லை. ரொட்டி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். பிள்ளைகள் அதைக் கொண்டாட்டமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "அக்கா, நாளைக்கும் சோறு தீந்து போகுமா?" என்று ஒருவன் ஆவலோடு கேட்டான். அளவக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் பயந்துபோய் ஐம்பது என்றாள். ஐம்பது விழுந்தது. தொட்டி வழிந்தது. அடுத்த நாள் குறைத்தாள், தட்டுப்பாடு. கூட்டினாள், குப்பை. ஒருநாள் சரியாக வந்தது. ஏன் சரியாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பது தனக்கு ஒருகாலத்தில் தெரிந்திருந்தது, எப்போதோ அது மறந்து மாஸ்டரைக் கழிப்பதற்கான கணக்கு மட்டுமே மனதில் மிஞ்சிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. கழிக்க மாஸ்டர் இல்லை. கழித்துக்கொண்டிருந்த பழக்கம் மட்டும் இருந்தது.

நிர்வாகி கெட்டவர் அல்ல. தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, நிதானமாகத்தான் சொன்னார். "பெற்றோர் கேக்கறாங்கம்மா. ஒருநாள் பத்தல, ஒருநாள் கொட்றோம். வெளிய ஒருத்தர் பொட்டலமாக் கட்டி, ஆளுக்கு ஒண்ணுன்னு கொண்டுவந்து குடுத்துடறேங்கறார். மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா சமையற்கட்ட மூடறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல."

வெளியே வந்தபோது புதியவள் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். "எம்மேல ஏதாவது தப்பாக்கா? நீங்க சொன்னதுல ஒரு பிடி மாத்தலையே நான்."

"அதாம்மா" என்றாள் அளவக்கா. அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்மாடி. கதவைத் திறந்தவர் மாஸ்டரின் மனைவி.

"வாம்மா, வா. நீ வந்ததே நல்லதாப் போச்சு. உன் மாஸ்டருக்கு நீயாவது ஒரு அளவு சொல்லிட்டுப் போ. இருக்கறது ரெண்டு பேரு. இவரு ஆக்கி வெக்கறது இந்தக் கட்டடம் முழுக்கப் பத்தும். எதிர்வீட்டுக்காரி என்னப் பாத்தாலே கதவச் சாத்திக்கறா, பாத்திரத்தோட வர்றேன்னு."

உள்ளே மாஸ்டர் தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் ஒரு வாரம் தின்னும் அளவு கிழங்கு. பரிசாக வந்த கடிகாரம் சுவரில் ஓடியது. அவள் முன்னிருந்த கூடையை நகர்த்தி உட்கார்ந்தாள். கேட்காமலே ஒரு கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

"என்னக்கா, சோறு குறையுதாமே?"

"யாரு சொன்னா?"

"ரொட்டிக்கடைக்காரன் சொன்னான். அவனுக்கு ஒரே சந்தோசம்."

சிரிக்க வரவில்லை அவளுக்கு. கத்தியைக் கீழே வைத்தாள். "மாஸ்டர், வெளையாட்டெல்லாம் விடுங்க. நான் சொன்னதுக்கு மேல நீங்க எவ்ளோ போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க. அதக் கூட்டிச் சொல்லிக்கறேன்."

மாஸ்டர் உரிப்பதை நிறுத்தவில்லை. யோசிப்பதுபோலத்தான் தெரிந்தது. "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நீங்கதானே போட்டீங்க!"

"போட்டது நான்தான். எவ்ளோன்னு யாரு பாத்தா? உன் மூஞ்சியப் பாத்துப் போடுவேன்."

அதுவரை வராத ஒருமை அன்று எப்படியோ வந்துவிட்டது. இருவருமே கவனிக்கவில்லை.

"எம் மூஞ்சியில என்ன எழுதியா இருந்துச்சு?"

"நாப்பதுன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு திரும்பிப் போவ பாரு, அன்னிக்கு நாப்பது நாப்பதேதான். நான் கூட்டமாட்டேன். சும்மா டின்ன ஒரு தட்டுத் தட்டுவேன், உனக்குக் கேக்கணும்னு. சில நாள் சொல்லிட்டு அப்படியே சாளரத்தப் புடிச்சுக்கிட்டு நிப்ப. கீழ் உதட்டக் கடிப்ப. அன்னிக்கு ஒரு டின். போறவ திரும்பி வந்து, 'மாஸ்டர், உப்பு இருக்குதா'ன்னு சம்பந்தமில்லாம கேப்ப பாரு, அன்னிக்கு ரெண்டு டின்."

"நான் அப்படியா கேட்டேன்?"

"உப்பு எப்ப தீந்துச்சு அந்தக் கட்டுல? கண்ணாடி வெக்கற எடமே உப்பு டப்பா மேலதான்."

மனைவி வாசற்படியிலிருந்து சிரித்தார். அளவக்கா சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு காலையும் ஓர் எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த எண்ணோடு, அதைப்பற்றிய தன் சந்தேகத்தையும் முகத்தில் சுமந்துபோயிருக்கிறாள், தெரியாமலே. எதிரில் நின்றவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு உலையில் போட்டிருக்கிறார். தான் தனியாக அறிந்ததாக அவள் நினைத்திருந்தது, சாளரத்துக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக இருந்திருக்கிறது. எந்தப் பாதியையும் தனியே எடுத்து யாரிடமும் கொடுத்துவிட முடியாது.

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் சமைக்குது, மாஸ்டர்" என்றாள் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு. "ஆனா நிமிந்தே பாக்க மாட்டேங்குது. தராசத்தான் பாக்குது."

"தராசுக்கு மூஞ்சி இல்லல்ல, பாக்கறது சுலபம்" என்றார் மாஸ்டர். பிறகு கிழங்குக் கூடையைக் காட்டினார். "இது போதுமா, இன்னும் ரெண்டு உரிக்கட்டுமா? நீ சாப்பிட்டுட்டுத்தானே போற?"

"போதும் மாஸ்டர்!" என்றாள். மாஸ்டரின் மனைவியும் அதே நேரத்தில் அதையே சொன்னார். மாஸ்டர் இன்னும் இரண்டு உரித்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது பள்ளிப் பேச்சுத்தான். மழை அடைத்த ஒரு நாள், வண்டி வராமல் மாலைவரை பிள்ளைகள் கூடத்திலேயே தங்கிப்போக, சட்டியின் அடிச்சோற்றை வறுத்து ஆளுக்கொரு உருண்டையாக உருட்டிக்கொடுத்தது. உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்த பருப்பை, அன்றைக்கென்று ஒரு பிள்ளைகூட மிச்சம் வைக்காமல் தின்றது. ஒவ்வொன்றிலும் யார் சொன்னது சரி என்ற பழைய வழக்கு மறுபடி எழுந்து, மறுபடி தீராமல் விடப்பட்டது. எத்தனையோ காலையில் அந்தச் சாளரத்தில் நின்று அவரோடு மல்லுக்கு நின்றபோது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் அவளுக்கு இருந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு சண்டையும் ஒரு வேளைச் சாப்பாட்டின் மணத்தோடு திரும்பிவந்தது.

திங்கட்கிழமை. முந்தின வாரம் முழுக்க மழை. அன்று வெயில் அடித்தது. மைதானம் பாதி காய்ந்திருந்தது. ஆசிரியர் பிள்ளைகளை ஓடவிடுவாரா மாட்டாரா என்பது அவருக்கே தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பிறந்தநாள். மிட்டாய் காலையிலேயே தந்துவிட்டார்களா, மாலையில்தானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. மாதம் முடிய அதிக நாள் இல்லை.

அளவக்கா வழக்கம்போலச் சாளரத்துக்குப் போகவில்லை. பின்கதவு வழியாகச் சமையற்கட்டுக்கு உள்ளேயே போனாள். புதியவள் தராசுக்கு முன்னால் குனிந்திருந்தாள், அரிசி மூட்டையின் வாயை ஒரு கையால் பிடித்தபடி.

"சொல்லுங்கக்கா."

"நாப்பத்தி நாலும்மா."

"சரிக்கா."

அரிசி சரிந்தது. பச்சை எண்கள் ஏறின. முப்பதைத் தாண்டின, நாற்பதைத் தாண்டின. புதியவளின் கை தளர்ந்து, மெலிந்த ஓடையாக அரிசி விழுந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. அளவக்கா அங்கிருந்து நகரவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது இப்போது அவளுக்கே தெரிந்தது. அதை விட்டுவிடவில்லை.

எண் நாற்பத்து நான்கைத் தொட்டதும் புதியவள் மூட்டையை நிமிர்த்தப் போனாள். அளவக்கா ஓரடி முன்னால் வந்து, ஒளிர்ந்துகொண்டிருந்த எண்களின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

புதியவள் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.